சொற்களும் அமானிதமே

2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழக்குச் சொற்களைத் தொகுக்க, நம் தமிழ்த்துறையும் கணினித்துறையும் கைகோக்க வேண்டும் என்பது நம் நெடுநாள் அவா. அங்ஙனம் தொகுப்பின், மென்பொருள் உருவாக்கும் மாணவர் குழு எத்தரவுத்தளத்தைத் தேர்வது?

'பெயர் பெற்றது எது?' என்பர் பலர். 'தமிழ் அகரவரிசை அறிந்தது எது?' என்று வினவுகிறோம் நாம். யுனிகோடு குறியீட்டில் 'ந'வை அடுத்தே 'ன' நிற்கிறது. அவ்வெண் வரிசையையே பின்பற்றும் தரவுத்தளத்தில் 'வயல்' என்பதற்கு முன்னரே 'வனம்' வந்துவிடும். அகராதி முறையில் தேடுவோர் ஏமாறுவர்.

எஸ்கியூலைட் ஒரே கோப்பில் அடங்குவது. சர்வரும் இணையமும் வேண்டாதது. மலையூர்களில் தொகுக்க ஏற்றது. ஆயினும் அதன் இயல்பான வரிசை அவ்வெண் வரிசையே. போஸ்ட்கிரெஸ் 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதல் தமிழ் வரிசைக்கு வழிசெய்துள்ளது. பலர் ஒருங்கே பணிபுரியவும் இடந்தருகிறது. இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பன. ஆதலின் மலையில் முன்னதும் கல்லூரியில் பின்னதும் அமைக என்பதே நம் துணிபு.

மலைவாழ் மூத்தோர் ஒப்படைக்கும் சொல் நம்மிடமுள்ள அமானிதம். தேடுவார்க்குக் கிட்டாத சொல், பெட்டகத்துள் இருந்தும் இழந்த சொல்லே.