மாரிக்கு முன் உங்கள் வாடகை வீட்டை ஒருக்கால் போய்ப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள் கோபம் வந்தாலும் கடைசி வரை வாசியுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று நமது ஊர்களில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் யார்? இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், தாதியர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள், சொந்த வீடு இன்னும் கட்டி முடியாத இளம் குடும்பங்கள். நாங்கள் வாடகை கொடுக்க ஒரு கிழமை பிந்தினால் போன் வருகிறது. ஆனால் கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் போன் எடுத்தால், "இன்ஷா அல்லாஹ் பார்ப்பம்" என்ற ஒரே சொல்லில் மூன்று மாரி கழிந்துவிடுகிறது. செய்யும் நிய்யத்து உள்ளவர் சொல்ல வேண்டிய சொல் அது. செய்யாமல் விடுவதற்கு அதை மூடியாகப் பாவிக்காதீர்கள்.

ஏன் இந்த நிலை? நமது வழக்கத்தில் வீடு என்பது மகளுக்கு. மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அத்திவாரம் போட்டு, அவளுக்குக் கல்யாணம் வரும் வரை வாடகைக்கு விடுகிறோம். "மகள்ட கல்யாணத்துக்கு எப்படியும் முழுசாத் திருத்தத்தான் போறம், இப்ப எதுக்கு ரெண்டு செலவு?" இதுதான் வீட்டுக்காரரின் கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்றால் சீற் மாறும், பைப் மாறும், சுவருக்குப் பெயின்ட் வரும். அதுவரை அதே வீட்டில் வாளி வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடித்த பிள்ளைகள், அவர்களும் ஒரு உம்மா வாப்பாவின் பிள்ளைகள்தானே?

அந்தக் கணக்கும் பிழையான கணக்கு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் மணல் திட்டில் இருக்கிறோம். உப்புக் காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது. துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் கொங்கிறீற் வெடிக்கும், வெடிப்புக்குள் இன்னும் தண்ணீர் போகும். முதல் வருடம் மேசன் ஒருவரின் அரை நாள் வேலையாக இருந்தது, விட்டு வைத்தால் முழு பிளாட்டையும் உடைத்துப் போடும் வேலையாக வந்து நிற்கும். மகளுக்குச் சேர்க்கிறோம் என்று நினைத்து, மகளின் சொத்தையே அழிய விடுகிறீர்கள்.

இது காசு மட்டும் சம்பந்தப்பட்ட விடயமும் அல்ல. பீலியில் இலை அடைத்து நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால், ஒரு கிழமை பத்து நாளில் அது பறக்கத் தொடங்கும். காய்ந்த பீலியில் ஒட்டியிருக்கும் முட்டையும் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, மாரி மழை பட்டதும் பொரிக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரையும் பொறுப்பாக்குகிறது, குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் பி.எச்.ஐ. வரும் நேரம் வாசலில் நிற்பது நாங்கள்தான். ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினால் "சீற்றை உடைச்சிட்டீங்க" என்ற ஏச்சும் எங்களுக்குத்தான். மின்சாரமும் அப்படித்தான். ஈரச் சுவரில் பழைய வயர், வேலை செய்யாத ட்ரிப் சுவிச், எர்த் இல்லாத பிளக். அதில் கை வைப்பது பிள்ளைகள்.

மார்க்கம் என்ன சொல்கிறது? நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் வாடகைப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டைத் திருத்துவது வாடகைக்குக் கொடுத்தவர் மேல். அவர் உடனே திருத்தாவிட்டால், ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வாடகைக்கு எடுத்தவருக்கு. கூரையில் விழும் பனியை அகற்றுவது வீட்டுக்காரர் மேல், முற்றத்தைக் கூட்டுவது குடியிருப்பவர் மேல் என்று கூட அங்கே பிரித்திருக்கிறார்கள். நமது கூரையில் பனி விழுவதில்லை, வேப்பிலையும் முருங்கை இலையும் விழுகின்றன. சட்டம் ஒன்றுதான். நாட்டின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால், குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றே சொல்கிறது.

"விருப்பமில்லாட்டி முறிச்சிட்டுப் போகலாம்தானே" என்பார்கள். போகலாம். முற்பணத்தை உடனே திருப்பித் தருவீர்களா? "அடுத்த ஆள் வந்தாத்தான் தருவன்" என்றால், அந்த உரிமை கிதாபில் மட்டும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதன் விளைவை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். தவணை நடுவில் விடுகைப் பத்திரம் கேட்டு வரும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், பல தடவை வீடு மாறுகிறோம் என்பதுதான் பதில். பிள்ளை புது வகுப்பில் பாதிப் பாடத்திலிருந்து தொடங்குகிறது.

வீட்டுக்காரர்களின் பக்கமும் நியாயம் உண்டு. 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் பழைய விலைக்கு இறங்கவில்லை. சுவரில் ஆணி அடித்து, சிங்கை உடைத்து, கரண்ட் பில் கட்டாமல் போகும் வாடகைக்காரரும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. உடைத்தவர் கட்டத்தான் வேண்டும். ஆனால் பீலியைத் துப்புரவாக்க சீமெந்து தேவையில்லை. ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ட் பட்டனை அமத்திப் பார்க்க காசு தேவையில்லை.

நாங்கள் கேட்பது மாளிகை அல்ல. கச்சான் காற்று ஓயும் காலத்தில், செப்டெம்பரில், மாரி தொடங்க முன் ஒரே ஒரு நாள் வாருங்கள். சொல்லிவிட்டு வாருங்கள், பெண்கள் இருக்கும் வீடு.

1. பீலி, கூரைச் சீற், அதன் ஆணிகள்.
2. ட்ரிப் சுவிச், எர்த், ஈரம் பட்ட சுவரில் உள்ள பிளக்.
3. மலசலகூடக் குழியின் மூடி. நிரம்பியிருந்தால் இப்போதே இறைக்க வேண்டும். மணல் தரையில் அந்த ஊத்தை கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிணறும் குழியும் ஒன்றாக நின்றதை மறந்துவிட வேண்டாம்.
4. தண்ணீர்த் தாங்கியின் மூடி.
5. யார் எதைத் திருத்துவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம்.

வாடகை ஹலாலான வருமானம். கொடுத்த வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக வைத்திருப்பதற்குத்தான் அந்தக் காசு. பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் ஒரு வேண்டுகோள்: மாரி தொடங்க முன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். வக்ப் கடைகளும் வீடுகளும் உங்களிடமும் இருக்கின்றன. முதல் ஏணியை அங்கே வையுங்கள்.

வீட்டுக்காரர் யாராவது நட்புப் பட்டியலில் இருந்தால் பகிர்ந்து விடுங்கள். வஸ்ஸலாம்.