விலைக்கு வரம்பு உண்டு, ஆயுளுக்குக் கணக்கு இல்லை

ஸ்டென்ட்டின் உச்சவரம்பு விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் திருத்தி அறிவிக்கும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்கள் சூடுபிடிக்கின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ரூ.29,600 என்று 2017 பிப்ரவரியில் வரம்பு கட்டியதோடு, ஏழையின் இதயத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றே நம் கொள்கை வகுப்பாளர்கள் பேசிவருகிறார்கள். வரம்பு கட்டியது நல்ல காரியம்தான். ஆனால், நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்கிறார்களே, அங்கே வைத்துத் தைக்கும் ரத்தக்குழாய் எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று எந்த ஆணையமாவது கேட்டதுண்டா?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்கள். ‘லிமா டு எல்.ஏ.டி., எஸ்.வி.ஜி. டு ஓ.எம்., எஸ்.வி.ஜி. டு ஆர்.சி.ஏ.’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். முதலாவது, மார்பின் உட்சுவரில் இருந்து இறக்கிய தமனி. மற்ற இரண்டும் காலில் இருந்து எடுத்த சாஃபனஸ் சிரை. ‘கால்ல இருந்து நரம்பு எடுத்து வெச்சிருக்காங்க’ என்று குடும்பத்தார் சொல்வது இதைத்தான். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயான எல்.ஏ.டி.யில் தைத்த மார்புத் தமனி பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துக்கொள்ளும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இதை எடுத்துச் சொல்லும் மருத்துவமனைகள் எத்தனை?

2005இல் வெளியான ‘பிரிவென்ட்-4’ ஆய்வை நான் விடாமல் மேற்கோள் காட்டுவதாக மருத்துவ நண்பர்கள் கேலி செய்வதுண்டு. காட்டத்தான் வேண்டும். அமெரிக்காவில் 3,014 பைபாஸ் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, கால் சிரையை எடிஃபோலிகைட் என்ற மருந்தில் ஊறவைத்துத் தைத்தார்கள். அடைப்பைத் தடுக்கும் என்று நம்பிய அந்த மருந்து தோற்றது. ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது, சுமார் 45 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு சிரையாவது முக்கால் பங்கோ அதற்கு மேலோ அடைபட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்! அதுவும், நோயாளியைத் திரும்ப அழைத்துவந்து சோதிக்கும் வசதியுள்ள நாட்டில். நம்மூரில் மறுபடி நெஞ்சு வலித்தால்தான் ஆஞ்சியோ. அடைபட்ட சிரைகளில் பல எந்தத் தொந்தரவும் தருவதில்லை என்பது மருத்துவர்களின் பதில். வலிக்காத தோல்வியும் தோல்விதான்.

சிரை குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் வேலையை அதனிடம் கொடுப்பது, வாய்க்கால் கரையை நம்பி ஆற்று வெள்ளத்தைத் திறந்துவிடுவது மாதிரி. முதல் மாதத்தில் ரத்தம் உறைந்து அடைக்கும். ஓராண்டுக்குள் உட்சுவர் தடிக்கும். பிறகு கொழுப்பு படியும். இந்தச் சீரழிவுக்கு அறுவை அரங்கிலேயே பிள்ளையார் சுழி போட்டுவிடுகிறார்கள். தலைமை மருத்துவர் மார்பைத் திறந்துகொண்டிருக்க, கால் பக்கம் நிற்கும் இளையவர் சிரையை உரித்தெடுக்கிறார். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சில் உப்புநீரை ஏற்றி உப்பவைக்கிறார். கை கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் உட்படலம் சிதையும். ரத்தம் உறைய அது போதும். காலும் தப்புவதில்லை. உள்காலில் மரத்துப்போவது, வீக்கம், ஆறாத புண் என்று மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் உண்டு. 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமா?

மாற்று இல்லாமலும் இல்லை. கால் சிரை பைபாஸை ரெனே ஃபவலோரோ 1967இல் நிலைநாட்டிய அதே கிளீவ்லாந்து கிளினிக்கிலிருந்துதான், மார்புத் தமனி வைத்தவர்கள் கூடுதல் காலம் பிழைக்கிறார்கள் என்று 1986இல் சொன்னார்கள். மணிக்கட்டுத் தமனியைச் சிரையோடு ஒப்பிட்ட ஆறு ஆய்வுகளை, 1,036 நோயாளிகளை, 2018இல் ஒன்றாக ஆராய்ந்தபோது தமனி வைத்தவர்களுக்கு மாரடைப்பும் மறுசிகிச்சையும் குறைவு என்று தெரிந்தது. இரண்டு மார்புத் தமனிகளையும் பயன்படுத்தியும் பத்தாண்டில் உயிர்ப்பலன் கூடவில்லை என்று 2019இல் வந்த ‘ஆர்ட்’ ஆய்வை உடனே நீட்டுவார்கள். ஒரு தமனிதான் என்று ஒதுக்கிய அணியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மணிக்கட்டுத் தமனியும் வைத்துவிட்டு நடத்திய ஒப்பீடு அது! சிரை எடுப்பது சுலபம், நேரம் மிச்சம் என்பதே உண்மைக் காரணம். மற்றதெல்லாம் சால்ஜாப்பு.

கணக்கைப் பொதுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. நியூயார்க் மாநிலம் 1990இலேயே மருத்துவமனை வாரியாக பைபாஸ் இறப்பு விகிதத்தை வெளியிட்டது. அறுவை மருத்துவர் வாரியான கணக்கை மறைக்கப் பார்த்தபோது ‘நியூஸ்டே’ நாளிதழ் நீதிமன்றம் போய் வாங்கியது. நோயின் தீவிரத்தைக் கணக்கில் கொண்டு பார்த்த இறப்பு விகிதம் 1989இல் 4.17 சதவீதம், 1992இல் 2.45. கடினமான நோயாளிகளை மருத்துவர்கள் தட்டிக்கழிப்பார்கள் என்று அன்றும் எதிர்த்தார்கள். கணக்குக் காட்டப் பயப்படுகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? இறப்பைக் குறைத்த வெளிச்சம் அடைப்பையும் குறைக்கும்.

இந்தியாவின் முதல் பைபாஸை மருத்துவர் கே.எம்.செரியன் 1975இல் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். அந்தப் பெருமையைப் பேசும் தமிழ்நாடே இதிலும் முந்திக்கொள்ளட்டும். எந்தக் குழாய், ஏன், எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஓராண்டு முடிவில் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, முடிவுகளை மருத்துவமனை வாரியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் பைபாஸ் ஆனவர் இருந்தால், ‘ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே’ என்று ஆஸ்பிரினையும் ஸ்டாடினையும் நிறுத்த விடாதீர்கள். பீடி, சிகரெட்டைத் தொட விடாதீர்கள். அது குடும்பத்தின் கடமை. கணக்கு கேட்பது அரசின் கடமை. கணக்கு காட்டாத மருத்துவமனைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து ஒரு பைசாகூடப் போகக் கூடாது.