பங்கு பிழைத்தால் பகை பிறக்கும்

மதத்தின் பெயரால் மூளும் பூசல்களுள் பல வழிபாட்டிடத்தில் பிறப்பன அல்ல. அவை துறையிலும் தொழிலிலும் வலையிலும் வயிற்றிலும் பிறக்கின்றன; ஆள் திரட்டுவார்க்கு ஏந்தாக அமையும்போதுதான் மதப் போர்வையைப் போர்த்துக் கொள்கின்றன. இதற்குத் தூத்துக்குடி முத்துக்கடலின் வரலாறே போதிய சான்றாகும்.

கொற்கைக் காலந்தொட்டு இக்கடலில் முத்துக் குளித்து வந்தவர் பரதவர். பிற்காலத்தே காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களைச் சார்ந்த இசுலாமிய வணிகர் அரபு நாட்டு வணிகத்தால் வளம்பெற்று, முத்துக்குளிப்பு உரிமையை ஆட்சியாளரிடமிருந்து குத்தகையாகப் பெற்றனர். மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முத்துக்கு விலை வைத்தவன் மற்றொருவன். 1530-களில் இருதிறத்தாரும் மோதினர். பரதவப் பெண்ணொருத்திக்கு நேர்ந்த இழிவும், அதன்பின் ஒருவர் காது அறுக்கப்பட்டதுமே தொடக்கம் என்று கிறித்துவக் குருமாரின் பழங்குறிப்புகள் கூறும். அது தீப்பொறியே, விறகு அதற்கு முன்பே அடுக்கப்பட்டிருந்தது.

இருதிறத்தாரும் தமிழரே, பேசியதும் ஒரே மொழியே. ஆயினும் தமக்குள் அமர்ந்து பங்கைப் பேசித் தீர்த்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை. பரதவர் தலைவர் சிலர் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் காப்பு வேண்டினர்; திருமுழுக்கே அக்காப்பின் விலையாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்துவராயினர். மறுபுறம், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் இசுலாமியர்க்குத் துணையாக வந்தனர். ஓர் ஊர்ப்பூசல் இரு பேராற்றல்களின் போராக மாறிற்று. 1538-இல் வேதாளையில் நிகழ்ந்த போரில் போர்த்துக்கீசியர் வென்றனர்.

அவ்வெற்றி பரதவர்க்கு உரியதாயிற்றா? பகைவரிடமிருந்து அவர்கள் காக்கப்பட்டனர் என்பது உண்மை. ஆனால் காத்தவரே வரி தண்டுவோராயினர். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்றே இம்மக்களிடமிருந்து ஆண்டுதோறும் பணம் தண்டப்பட்டது! 1542-இல் இக்கரைக்கு வந்த சேவியர் அடிகள் அரசியை வேண்டி, அப்பணத்தை மறை கற்பிப்போர்க்கெனத் திருப்ப வேண்டியிருந்தது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். முத்தின் ஊதியம் கடல் கடந்து சென்றது. பகை மட்டும் கரையில் தங்கிற்று.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. 1982 மார்ச்சில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் கோயில் திருவிழாவின்போது இந்துக்களுக்கும் கிறித்துவ மீனவர்க்கும் இடையே பூசல் மூண்டது. காவல்துறையின் துமுக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன, கலகம் ஊர்விட்டு ஊர் பரவிற்று, குடியிருப்புகள் எரிந்தன. அரசு வேணுகோபால் ஆணையத்தை அமைத்து உசாவியது. ஆனால் ஆணையத்தின் அறிக்கைக்குக் காத்திராமல், கலகம் நிகழ்ந்த இடத்திற்கே சென்று இருசாராரையும் கண்டு அமைதிக்குப் பாடுபட்டவர் குன்றக்குடி அடிகளார். சைவத் திருமடத்தின் தலைவரொருவர் கிறித்துவக் குப்பத்தில் கால் வைத்த செயல், நூறு அறிக்கைகள் செய்யாததைச் செய்தது.

பங்கு நேர்மையாக அமைந்தால் எவ்வாறு ஒன்றுபடலாம் என்பதையும் இத் தூத்துக்குடியே காட்டிற்று. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் குழுமத்தைத் தொடங்கினார். முதல் 10 இலக்கம் உருபா. பங்கு ஒன்றுக்கு 25 உருபா வீதம் 40,000 பங்குகள். தலைமை ஏற்றவர் பாண்டித்துரைத் தேவர். பெருந்தொகைக்குப் பங்கு வாங்கித் தாங்கியவர் ஆசி முகம்மது பக்கீர் சேட்டு. சைவரும் இசுலாமியரும் ஒரே கப்பலின் உரிமையாளராயினர். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டபோது, அவர் எந்தக் கடவுளை வணங்குபவர் என்று கேட்டுக்கொண்டு மக்கள் கொதித்தெழவில்லை.

தமிழ்ப்பற்றாளர் இவற்றினின்று கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இக்கரையில் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சேறிற்று. உமறுப் புலவர் நபிகளின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். எல்லாச் சமயத்தையும் தன் மடியில் ஏந்திய தாய் தமிழ் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மொழி ஒன்றாயிருந்தும் 1530-களில் குருதி சிந்தியது. ஏன்? ஒரே மொழியில் பேசினர். ஒரே அவையில் அமர்ந்து பேசவில்லை. மொழியுறவு முறைமையுறவாக முதிராத இடத்தில் அயலான் நடுவனாக வந்து அமர்வான். அமர்ந்தவன் எளிதில் எழமாட்டான்.

1961-க்குப்பின் தூத்துக்குடியில் பெருமுத்துக்குளிப்பு இல்லை. ஆனால் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே மீன்பிடி எல்லைச் சிக்கல் உண்டு. துறைமுக வேலைக்கும், கரையோர நிலத்துக்கும் போட்டி உண்டு. இவற்றுள் எதற்கும் மதமில்லை. மதம் பூசுவதற்குக் காத்திருப்போர் மட்டும் உண்டு. எனவே ஒவ்வொரு கடலூரிலும் எல்லாச் சமயத்தாரும் தொழிலாளரும் பெண்டிரும் அமர்ந்த நிலையான அமைதிக் குழு வேண்டும். அது பிணம் விழுந்தபின் கூடும் குழுவாக இருத்தலாகாது. வலை அறுந்த அன்றே கூடுவதாக இருத்தல் வேண்டும். புரளி எழுந்த பொழுதே ஊரறிய உண்மை உரைக்கும் துணிவும் அதற்கு வேண்டும்.

தெய்வங்களுக்கு இடையே தீர்க்கவேண்டிய வழக்கு எதுவுமில்லை. மாந்தர்க்கிடையே பங்கு வழக்கு உண்டு. அதனைத் தமிழர் தாமே, தமிழிலேயே, நேர்மையாகத் தீர்த்துக் கொள்க!