மேடும் மெட்டயும்

இளைஞர் ஒருவர் கவிதையில் 'மெட்ட' என்று எழுதிவிட்டார். "மேடு இருக்க இந்த வடுகு எதற்கு?" என்று கூட்டத்தில் கேட்டார் நண்பர். நான்கு பேர் தலையாட்டினார்கள். கூட்டமே ஒன்பது பேர்தான்.

மேடும் மெட்டயும் ஒரே வேரில் கிளைத்தவை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினால் போதும். வந்தவன் அந்நியனல்ல, பங்காளி.

அந்நியனாகவே இருக்கட்டுமே. நான் படித்தது ஆங்கில இலக்கியம். இங்கிலாந்தின் வடமேற்கில் மலைக்கு ஃபெல், ஓடைக்கு பெக், மலைச்சுனைக்கு டார்ன், ஓடை இறங்கும் இடுக்குக்கு கில் என்று பெயர். நான்கும் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த நார்ஸ்காரர்கள் விட்டுப்போனவை. வேர்ட்ஸ்வர்த்தின் 'மைக்கேல்' (1800) அப்படியொரு கில்லில்தான் நடக்கிறது. கொள்ளைக்காரன் பாஷை என்று அவர் அதை ஒதுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் வங்கிக் குமாஸ்தா நான். கடனுக்கு வரும் பத்திரங்களில் சக்குபந்தி படிப்பது என் வேலை. (சக்குபந்தியே பாரசீகம். பதிவாளரை யாரும் கண்டிக்கக் காணோம்.) தாங்கல், கலங்கல், வரத்துக்கால், மேய்க்கால் என்று வரும். ஊர்ப்பெயர் கண்டிகை என்று முடியும். எல்லை தாண்டினால் அதுவே கண்ட்ரிக. பெரியவர் ஒருவர் தன் நிலத்தை 'மெட்ட' என்றார். 'மேட்டு நிலம்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர், "அது வேற, இது வேற சார்" என்றார். மேட்டுக்கும் தண்ணீர் இறைக்கலாமாம். மெட்ட என்றால் வானம் பார்த்தது.

இந்தச் சொற்கள் நிலத்தோடு சேர்ந்தே போகின்றன. தேர்வாய்கண்டிகையில் ஊர்மாடு மேய்ந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் இன்று சிப்காட் தொழிற்பூங்கா. அங்கே இடத்துக்கு எண்தான் அடையாளம். அவ்வூர் ஏரியும் கண்ணன்கோட்டை ஏரியும் 2020இல் ஒரே நீர்த்தேக்கமாயின. தாங்கலையும் கலங்கலையும் இனி யார் வாயில் கேட்பது? கவிதையிலாவது கிடக்கட்டும் என்றால், அங்கே நண்பர் காவலுக்கு நிற்கிறார். 1960இல் திருத்தணியை வாங்கிக்கொண்டோம். திருத்தணிக்காரன் வாயிலிருந்ததை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

நண்பரும் திருவள்ளூர்க்காரர்தான். அவர் கவிதைகளில் வனம் வருகிறது, நதி வருகிறது, சிகரம்கூட வருகிறது. கொசஸ்தலையாற்றங்கரையில் எந்தச் சிகரத்தைப் பார்த்தார்? வனமும் சிகரமும் எங்கிருந்து வந்த சொற்கள் என்று அன்றைய கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

படிவத்தில் நான் 'மெட்ட' என்றே திருத்தினேன். மானேஜர் கேள்விக்குறி போட்டுத் திருப்பியனுப்பினார். அவரை மன்னிக்கலாம். அவர் கவிதை எழுதுவதில்லை.