பண்டிக்கு வந்த காய்ச்சலும் எங்கள் சோற்று வாளியும்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2009இல் உலகம் முழுக்க மனிதர்களைப் பிடித்த எச்1என்1 காய்ச்சலை எங்கள் பத்திரிகைகள் 'பன்றிக் காய்ச்சல்' என்று எழுதின. 2024 ஒக்டோபரில் இலங்கையில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது 'ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்'. இந்த இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறொரு சொந்தமும் இல்லை. முன்னது மனிதருக்குத் தொற்றும் இன்ஃப்ளூவென்சா. பின்னது பண்டிக்கும் காட்டுப்பண்டிக்கும் மட்டும் வரும் வேறொரு வைரஸ். மனிதரை அது தொடாது. ஆனால் பண்டிக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான். கடுமையான வகை ஒரு கொட்டிலுக்குள் புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

'மனிதருக்கு ஒன்றுமில்லை' என்று கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு எங்கள் நகரம் இந்த நோயை மறந்தும் விட்டது. நாங்கள் சண்டைக்கு வருவது அந்த மறதியோடுதான்.

ஒன்றுமில்லை என்பது யாருக்கு? ஒக்டோபர் என்றால் நத்தாருக்கென்று வளர்த்த பண்டிகள் எடை வைக்கிற காலம். வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு என்று சிலாபம், புத்தளம் வரை நீளும் மேற்குக் கரைதான் இந்த நாட்டின் பண்டி வளர்ப்புப் பட்டி. அங்கே பெரிய கம்பனிப் பண்ணைகளும் உண்டு, வீட்டு வளவின் பின்பக்கம் நாலைந்து பண்டி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்கூடச் செலவு, வீட்டுக் கூரை, அடகிலிருக்கும் நகை எல்லாம் அந்த நாலைந்து பண்டியில்தான் நிற்கும். கொட்டாஞ்சேனையில் நத்தாருக்குப் பண்டிக்கறி வைக்கிறவர்களுக்கு அந்த வருடம் கறி இல்லாமல் போனது ஒரு குறை. வளர்த்தவர்களுக்குப் போனது அந்த வருடத்தின் முழு உழைப்பு.

"நாங்கள் பண்டியே சாப்பிடுறேல்லை, எங்களுக்கென்ன?" என்று வெள்ளவத்தையில் கேட்பார்கள். சரி, உங்கள் சாப்பாட்டுக்கடையின் பின்கதவைத் திறந்து பாருங்கோ. காலி வீதி நெடுக மிஞ்சும் சோறு, கொத்துரொட்டி, இடியப்பம், பருப்பு எல்லாம் வாளியிலும் பரலிலும் சேர்கின்றன. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் மிஞ்சுவதில் ஒரு பங்கு காலம்காலமாகப் பண்டிக் கொட்டில்களுக்குத்தான் போகிறது. சைவக் கடைப் பரலும் நட்சத்திர ஹோட்டல் பரலும் ஒரே லொறியில் ஏறினால், ஒரு வேகாத சொசேஜ் துண்டு போதும். இந்த வைரஸ் உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் தங்கும். பண்டி சாப்பிடாதவரின் மிச்சச் சோறும் அதே தொட்டிக்குள்தான் விழுகிறது.

இது எங்கள் கற்பனை இல்லை. நோயின் வரலாறே இப்படித்தான் நடந்திருக்கிறது. கென்யாவில் வெள்ளைக்காரக் குடியேறிகள் கொண்டுவந்த பண்டிகள் செத்து விழுந்தபோது, 1921இல் மொன்ட்கோமரி என்ற மிருக வைத்தியர் இதை முதலில் எழுதினார். அங்கத்தைய காட்டுப்பண்டிகளோ வைரஸைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் திரிந்தன. 1957இல் அது ஆபிரிக்காவை விட்டு லிஸ்பனுக்குத் தாவியது. விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பண்டிகளுக்குப் போட்டதுதான் வழி என்று பதிவாகியிருக்கிறது. 2007இல் ஜோர்ஜியாவின் பொட்டி துறைமுகம். அங்கே கப்பல் கழிவைச் சொன்னார்கள். 2018இல் சீனா, 2020இல் இந்தியாவின் அசாமும் அருணாசலப் பிரதேசமும். 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டு முதுமலையில் காட்டுப்பண்டிகள் செத்தன. அடுத்த வருடம் நாங்கள். இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ. கொழும்புத் துறைமுகத்தின் மதில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில். கட்டுநாயக்க விமான நிலையம் அந்தப் பண்டிப் பட்டியின் நடுவில்.

நோயை அரசு எப்படிக் கையாண்டது? 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. வர்த்தமானி வந்தது, நாடு முழுவதும் அபாயப் பிரதேசமானது, பண்டிகளைக் கொண்டுசெல்லவும் விற்கவும் கட்டுப்பாடு வந்தது. இவை எல்லாம் தேவைதான். நோயுள்ள பண்டியை லொறியில் ஏற்றாதே என்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் கேள்வி வேறு: தடை மட்டும் போட்டால் நோய் நிற்குமோ?

ஆறு பண்டி வைத்திருக்கிற ஒருவரின் இடத்தில் நின்று யோசியுங்கோ. காலையில் ஒன்று தீனி தின்னாமல் படுத்துக் கிடக்கிறது. காது சிவந்திருக்கிறது. மிருக வைத்தியருக்குச் சொன்னால் மற்ற ஐந்தையும் கொல்லச் சொல்வார்கள், விற்பனையும் நின்றுவிடும். சொல்லாமல் இரவோடிரவாக இறைச்சிக் கடைக்காரருக்குக் கொடுத்தால் பாதி விலையாவது கையில் வரும். கொல்லப்படும் ஒவ்வொரு பண்டிக்கும் என்ன காசு, எத்தனை நாளில் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரியாவிட்டால் அவர் எதைத் தெரிவார்? இரண்டாவதைத்தான். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, கணக்குத் தெரிந்தவர் என்பதால். அந்த அரைவிலை இறைச்சியில் ஒரு துண்டு மறுபடி ஏதோவொரு பரலில் விழும். அதனால்தான் சொல்கிறோம், நட்டஈட்டைத் தருமம் மாதிரிப் பேசாதீர்கள். கிருமிநாசினி எப்படியோ நட்டஈடும் அப்படி ஒரு நோய்த்தடுப்புக் கருவி.

இதைச் செய்யாத நாட்டின் பெயர் ஹெய்ட்டி. 1970களின் கடைசியில் அங்கே இந்த நோய் வந்தது. அமெரிக்காவின் முன்னெடுப்பில் 1983க்குள் நாட்டின் கிரியோல் பண்டிகள் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்டன. கிராமத்தவருக்கு அந்தச் சிறிய கறுப்புப் பண்டிதான் வங்கி. பலருக்கு ஒழுங்கான ஈடு கிடைக்கவில்லை. பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பண்டிகளுக்குச் சீமெந்துத் தரையும் வாங்கிய தீனியும் வேண்டியிருந்தன. சனம் அவற்றுக்கு 'நாலுகால் இளவரசர்' என்று பட்டம் வைத்தது. நோய் போய்விட்டது. கூடவே ஏழைகளின் சேமிப்பும் போய்விட்டது.

இங்கேயும் 'உயிரியல் பாதுகாப்பு' என்ற சொல் சுற்றுகிறது. வேலி, கால் கழுவும் தொட்டி, தனி உடுப்பு, கம்பனித் தீனி. நல்ல விஷயங்கள்தான். ஆனால் இவை எல்லாம் காசு. உதவி இல்லாமல் விதி மட்டும் போட்டால் சின்னவர் வெளியே போவார், பெரியவர் மட்டும் மிஞ்சுவார். நோய் வந்த பிறகு சீனா போன வழியைப் பாருங்கோ, ஹூபெய் மாகாணத்தில் 26 மாடிப் பண்டிக் கட்டிடம் நிற்கிறது.

"அப்ப மிச்சச் சாப்பாடு போடுறதை ஒரேயடியாத் தடை செய்தால் முடிஞ்சுதே?" என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் செய்தது. ஆனால் கொழும்பில் அந்தச் சோறு எங்கே போகும்? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்ததை மறந்துவிட்டோமா? இந்த நகரத்தின் குப்பையில் ஒரு பங்கைப் பண்டிகள் தின்று தீர்க்கின்றன. அந்த வேலைக்கு யாரும் அவற்றுக்கும் வளர்ப்பவர்களுக்கும் நன்றி சொன்னதில்லை. 'பண்டி' என்பதை வசையாக மட்டும் வைத்திருக்கிறோம்.

வழி இருக்கிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் அளவு எளிமையானது: மிச்ச உணவை 90 பாகை செல்சியஸில், கிளறிக்கொண்டே, ஒரு மணித்தியாலம் சூடாக்கினால் வைரஸ் செத்துவிடும். ஒவ்வொரு ஏழை வீட்டிலும் விறகடுப்பில் இதைச் செய் என்பது அநியாயம். மாநகர சபை பொதுக் கொதிகலன்கள் வைக்கட்டும். கடைகள் இறைச்சிக் கழிவைத் தனிப் பரலில் போடட்டும், கொதிக்க வைக்கும் செலவில் பங்கும் கொடுக்கட்டும். குப்பையை உண்டாக்கிறவர் செலவைச் சுமப்பதுதானே நியாயம்.

தடுப்பூசி வரும்வரை காத்திருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வியட்நாம் 2023இல் தன் தடுப்பூசிகளைச் சந்தைக்கு அனுமதித்தது. அவை வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் பாதுகாப்புப் பற்றிய தயக்கம் தொடர்கிறது. ஊசி வந்தாலும் பரல் அப்படியே இருந்தால் அடுத்த நோய் அதே லொறியில் வரும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். கொல்லப்படும் பண்டிக்குச் சந்தை விலையை ஒட்டிய ஈடு, பதிவில்லாத சின்னக் கொட்டில்களுக்கும் சேர்த்து. நோயைச் சொன்னவருக்குத் தண்டனையல்ல, பாதுகாப்பு. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இறங்கும் உணவுக்கழிவு வெளியே போகாமல் அங்கேயே எரிக்கப்படுதல். தமிழிலும் சிங்களத்திலும், கொட்டிலில் நிற்பவருக்கு விளங்கும் மொழியில் அறிவிப்பு. மறுபடி வளர்க்கத் தொடங்குபவருக்கு வட்டியில்லாக் கடன்.

இது கிராமத்துக் கால்நடைப் பிரச்சினை, பட்டணத்துக்குச் சம்பந்தமில்லை என்று இனி யாராவது சொன்னால், அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கோ: நேற்றிரவு நீங்கள் இலையில் மிச்சம் விட்ட சோறு இப்ப எங்கே இருக்கு?