மெட்டை வயலினுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்

பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்களுக்காகப் பெரிய படைப்புகளை எளிதாக்கி எழுதும் அரேஞ்சர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மெட்டு எந்த வாத்தியத்தில் இருந்தாலும் அதைப் பிடுங்கி முதல் வயலினிடம் கொடுத்துவிடுவார்கள். மெண்டல்சனின் ‘ஹெப்ரிடீஸ்’ ஓவர்ச்சரில் அப்படிச் செய்தால் கடலே வற்றிப்போகும். 1829-இல், இருபது வயதில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போன மெண்டல்சன், இதன் தொடக்கத்தை வீட்டுக்கு எழுதிய கடிதத்திலேயே குறித்து அனுப்பினார். அங்கே வயலின்கள் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தபடி நிற்கும். அலை புரள்வதெல்லாம் கீழே, வயோலாவிலும் செல்லோவிலும் பசூனிலும். சரிந்து இறங்கும் ஒரு சின்னச் சுரக்கோவை, திரும்பத் திரும்ப, இடையிடையே மேலேறி வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட வசதி ஏது? புதிதாகக் கற்கும் வயலின்காரருக்கு நீண்ட சுரம்தான் வரும் (வில்லை நடுங்காமல் மெல்ல இழுப்பது எவ்வளவு கடினம் என்பதும் அப்போதுதான் புரியும்). வருடம் முழுக்க ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தை வாசித்துச் சலித்த வயோலாப் பிள்ளைக்கு, முதன்முறையாகக் கதையே கையில் கிடைக்கும்.

சுருக்க வேண்டுமானால் நீளத்தைச் சுருக்கலாம். பத்து நிமிடப் படைப்பின் நடுப்பகுதியில்தான் நெரிசல் அதிகம். மெண்டல்சனுக்கே அதில் திருப்தியில்லை. மீன் எண்ணெயும் கடற்பறவையும் மணக்க வேண்டிய இடத்தில் இலக்கண வித்தைதான் மணக்கிறது என்று அலுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பத் திருத்தினார். சுருதியை மாற்றுவது வேறு விஷயம். மூலம் பி மைனர். கிளாரினெட் பகுதி ஏ கிளாரினெட்டுக்கு எழுதப்பட்டது. பள்ளிகளில் இருப்பதோ பி-ஃபிளாட் கிளாரினெட். அதில் வாசித்தால் நான்கு ஷார்ப் வந்து நிற்கும். இதற்காக மொத்தத்தையும் அரைச்சுரம் உயர்த்தினால் கிளாரினெட் தப்பிக்கும், ஆனால் தந்திவாத்தியங்கள் மாட்டிக்கொள்ளும்: டி மேஜரில் செல்லோ பாடும் இரண்டாவது மெட்டுக்கு, அதன் டி, ஏ தந்திகள் தாமாகத் தரும் அதிர்வு போய்விடும். கிளாரினெட்டின் வேகமான சுரங்களில் சிலவற்றைக் குறைப்பதே குறைந்த நஷ்டம் என்பது என் கணக்கு. பசூன் இல்லாத பள்ளியா? அதன் வரியைப் பேஸ் கிளாரினெட்டுக்கோ டெனர் சாக்ஸபோனுக்கோ சிறிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

‘மேதையின் படைப்பைக் குறைப்பானேன், பிள்ளைகளுக்கென்றே எழுதிய இசையை வாசிக்கட்டுமே’ என்பார்கள். தினசரிப் பயிற்சிக்கு அதுவே சரி. ஆனால் மூலத்தைத் தொடவே கூடாது என்ற பக்தி மெண்டல்சனிடம் இல்லை. அதே 1829-இல் பெர்லினில், பொழுதுபோக்காகப் பாடுபவர்கள் நிறைந்த சிங்அகாடமி குழுவைக் கொண்டு பாக்கின் ‘புனித மத்தேயு பாடுகள்’ படைப்பை மீட்டெடுத்தபோது, பல ஏரியாக்களை விட்டுவிட்டார். வழக்கொழிந்துபோன ஓபோ வகைகளின் இடத்தில் கிளாரினெட்டை வைத்தார். இந்த ஓவர்ச்சரையே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்கவும் எழுதிக் கொடுத்தார். குறைப்பது குற்றமில்லை, எதைக் குறைக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஓவர்ச்சரின் முடிவிலும் அதே சோதனை வரும். பெரும் முழக்கத்துக்குப் பிறகு எல்லாம் அடங்கி, கிளாரினெட் தொடக்கச் சுரக்கோவையை ஒருமுறை நினைவூட்ட, புல்லாங்குழல் மேலேறிக் கரைய, தந்திகளை விரலால் மெல்லச் சுண்டி முடித்துவிடுகிறார்கள். கைதட்டலுக்காக அந்தச் சில பார்களை வெட்டி, முழக்கத்தோடு நிறுத்த அரேஞ்சரின் கை பரபரக்கும்.