சட்டத்துக்கு முன்னே நடந்தவர்கள்

"குடியை ஒழிக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். "யார் ஒழிப்பது?" என்று கேட்டால், "சர்க்கார்தான்" என்று பதில் வருகிறது.

சர்க்காருக்குப் பொறுப்பு உண்டு. அதை மறுப்பார் இல்லை. ஆனால், சட்டம் வரும் வரையில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

இந்தக் கேள்விக்குச் சேலம், நாமக்கல் சீமையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

புதுப்பாளையம் ஆசிரமம்

ராஜாஜி சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். கை நிறைய வருமானம். 1917ல் சேலம் நகரசபைத் தலைவரும் ஆனார். பிறகு காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு வக்கீல் தொழிலை விட்டார். 1925ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். அங்கேயே குடியும் ஏறினார்.

மழை பொய்த்த காலம் அது. ஆசிரமத்தார் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். பெண்கள் நூற்றார்கள். நூலுக்குக் காசு கிடைத்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் மனைவி நூற்றுச் சம்பாதித்த காசைக் கணவன் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டால் என்ன பயன்? இராட்டையும் மதுவிலக்கும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை என்று ஆசிரமத்தார் கண்டார்கள். ஊர் ஊராகப் போய்க் குடியின் கேட்டை எடுத்துச் சொன்னார்கள். 1929ல் இதற்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை ராஜாஜி தொடங்கினார். எழுத்தாளர் கல்கி துணை நின்றார். பத்தே இதழ்கள்தான் வந்தன.

அப்போது அவர்களிடம் அதிகாரம் இல்லை. கள்ளுக்கடையை மூட உத்தரவு போட முடியாது. ஆனாலும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

சட்டம் வந்தது, போயிற்று

1937ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அதே ஆண்டு அக்டோபர் 1ந் தேதி, மாகாணத்திலேயே முதன் முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று அந்த ஜில்லாவில் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போனதே என்று ராஜாஜி தயங்கவில்லை. 1939ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு வந்தது, மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக மது விற்கிறது.

இதில் ஒரு பாடம் உண்டு. சட்டம் வரும், போகும். சட்டம் இருந்த நாளிலும் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சினார்கள். ஏன்? வாங்கிக் குடிக்க ஆள் இருந்ததால்தான்! மனம் மாறாத இடத்தில் சட்டம் பாதி வேலைதான் செய்யும்.

வீட்டில் தொடங்கலாம்

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிறவரின் வாரக் கூலி, கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தால் அதுவே ஒரு மதுவிலக்கு. கல்யாண வீட்டில் நண்பர்களுக்கு மது வாங்கித் தர மாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னால் அதுவும் மதுவிலக்கு. "ஒரு தடவைதானே" என்று இளைஞனுக்கு முதல் கோப்பையை நீட்டாமல் இருப்பது நண்பனின் கடமை.

குடிக்கு அடிமையானவரை ஏசிப் பயன் இல்லை. அது ஒரு நோய். வெகு காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகையால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

கடைகளைக் குறைக்கும்படி சர்க்காரைக் கேட்பது மக்களின் உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் புதுப்பாளையத்தார் 1925ல் தொடங்கிய வேலைக்கு 1937ல்தான் சட்டம் வந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த சட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வாரக் கூலி எங்கே போக வேண்டும் என்பது மட்டும் அவரவர் கையில் இருக்கிறது.